உழவில் பழங்கால கல் கருவி கிடைத்தால் என்ன செய்வது?

தேவதானம் பகுதி விவசாயிகளே! கோடை உழவில் கூரிய விளிம்புள்ள சிறு கற்கள் தென்பட்டால் வீசிவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் விஜயகரிசல்குளத்தில் 2022-ல் தொடங்கிய வெம்பக்கோட்டை அகழாய்வில் நுண்கற்காலக் கருவிகள் கிடைத்துள்ளன.

அடையாளம்: கொழு பட்டு உடைந்த கல்லில் உடைப்பு புதிதாகப் பளிச்சென்று இருக்கும். பழங்கருவியில் சில்லு பெயர்ந்த தடங்கள் வரிசையாக, நிறம் மங்கி இருக்கும்.

பொழுதுபோக்காகப் பொறுக்கிச் சேர்க்கவும் வேண்டாம். கிடந்த இடம் தெரியாவிட்டால் அந்தக் கல் வரலாறு சொல்லாது.

செய்ய வேண்டியவை:
1. கிடந்தபடியே செல்போனில் படம் எடுங்கள்.
2. சர்வே எண், ஆழம் குறியுங்கள்.
3. பல கற்கள் தென்படும் இடத்தில் ரோட்டவேட்டர் ஓட்டாதீர்கள்.
4. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

நிலம் போய்விடுமோ என்று பயந்து மறைக்காதீர்கள். கீழடியில் தென்னந்தோப்புகளில் உரிமையாளர்களின் சம்மதத்துடன்தான் குழி தோண்டினார்கள்.