கோழி அடைக்கு வந்துவிட்டால்

நேற்றுவரை முட்டையிட்டதும் தெருவையே கூட்டிய கோழி, இன்று கூடையை விட்டு எழ மறுக்கிறது. கையை அருகே கொண்டுபோனால் கழுத்து இறகு சிலிர்க்கிறது. உடம்பைத் தட்டையாகப் பரப்பிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே 'கொர்ர்' என்று உறுமுகிறது. கூடையில் ஒரு முட்டைகூட இல்லாவிட்டாலும் வெறும் வைக்கோல்மேல் படுத்துக் கிடக்கிறது. வீட்டில் பாட்டி இருந்தால் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்: "கோழி அடைக்கு வந்துருச்சு. முட்டை எடுத்துட்டு வா."

இந்தக் காட்சி இப்போது அரிதாகி வருகிறது. நாமக்கல் பண்ணைகளின் வெள்ளைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடும். அது அடைக்கு வருவது அபூர்வம். அடையில் உட்கார்ந்த கோழி வாரக்கணக்கில் முட்டையிடாது. ஆகவே அந்தக் குணமுள்ள கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டுத்தான் லெகார்ன் போன்ற முட்டை இனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தன் முட்டையைத் தானே பொரிக்கத் தெரியாத கோழிகளின் முட்டையைத்தான் நாம் தினமும் கடையில் வாங்குகிறோம்.

அந்தப் பழைய குணம் பெரும்பாலும் சின்னக் கோழிகளிடம் தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்குப் பேர்போனது சிறுவிடை: பெட்டை ஒன்றேகால் கிலோவை ஒட்டி இருக்கும், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அடைக்கு வரும். வெளிநாடுகளில் அதே பெயரைப் பெற்றவை பேன்டம் கோழிகள். ஜாவாத் தீவின் பான்டென் துறைமுகத்தில் ஐரோப்பிய மாலுமிகள் கண்ட குட்டைக் கோழிகளுக்கு அந்தத் துறைமுகத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. மலேசியாவின் கிளந்தானில் உருவான செராமா, அரைக் கிலோகூடத் தேறாத பேன்டம். இன்று சென்னை, கோவை மொட்டைமாடிகளிலும் இவற்றை ஆசையாக வளர்க்கிறார்கள்.

அடைக்கு வருவது பிடிவாதமோ நோயோ கிடையாது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் வேலை அது. தாய்மாருக்குப் பால் சுரக்க வைக்கும் அதே ஹார்மோன்தான். 1935-ல் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் குழுவினர் புரோலாக்டினை ஊசியில் ஏற்றி, முட்டையிட்டுக் கொண்டிருந்த கோழிகளை அடைக்கு வரவைத்தார்கள். ஹார்மோன் ஏறியதும் கோழியின் மார்பு, வயிற்றுப் பகுதி இறகுகள் உதிர்கின்றன. அங்கே தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. முட்டைமேல் நேராகப் படும் வெந்நீர்ப்பை போல அந்த வெறுந்தோல் மாறுகிறது. முட்டை தோலில் உரசுகிற உணர்வு திரும்ப மூளைக்குப் போய் புரோலாக்டினை இறங்கவிடாமல் வைத்திருக்கிறது. கோழி முட்டையைக் காக்கிறது. முட்டை கோழியைக் கூட்டில் பிடித்து வைக்கிறது.

குஞ்சு வேண்டாம் என்பவர்களுக்கும் இந்தச் சுற்றிலேயே வழி இருக்கிறது. அடியில் காற்றோடும் கம்பிவலைக் கூண்டில், வைக்கோல் போடாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் தொடுவுணர்வு அறுந்து, ஹார்மோன் இறங்கி, கோழி பழையபடி ஆகிவிடும். அடையைக் கலைக்க மூக்குத் துளையில் இறகைச் செருகிவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது அந்த உயிருக்கு வெறும் வேதனை. அதை விட்டுவிட வேண்டும்.

குஞ்சு வேண்டும் என்றால் முதல் வேலை முட்டையில். சேவலோடு சேர்ந்த பெட்டையின் உடலுக்குள் மிக நுண்ணிய குழாய்களில் விந்தணுக்கள் தங்கி, இரண்டு வாரம்வரை உயிரோடு இருக்கும். அதனால் சேவலை விற்ற பிறகும் சில நாள் கருவுள்ள முட்டை கிடைக்கும். சேவலே பார்க்காத பண்ணைக்கோழி முட்டையை எத்தனை நாள் அடைவைத்தாலும் பொரிக்காது.

அடுத்தது, முட்டையைச் சேர்த்து வைப்பது. கோழி ஒரு நாளைக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு நாள் இடுகிறது. குஞ்சுகளோ ஏறக்குறைய ஒரே நாளில் வெளிவருகின்றன. இட்டவுடன் முட்டைக்குள் கரு உறங்கப் போய்விடுவதே காரணம். ஏறத்தாழ 20 டிகிரிக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடும். கோழியின் சூடு பட்டதும் எல்லா முட்டையும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். சிக்கல் நம் சித்திரை வெயிலில் இருக்கிறது. 35 டிகிரி அடுக்களையில் கிடக்கும் முட்டைக்குள் கரு உறங்காமலும் சரியாக வளராமலும் அரைகுறையாக நகர்ந்து செத்துவிடும். ஈர மணல்மேல் வைத்த மண்சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி முட்டை சேர்க்கும் வழக்கம் இதற்குச் சரியான பதில். அதிலும் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையைத் தவிர்ப்பது நல்லது.

ஊர்ப்புறத்தில் அடைக்கூடையில் ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் மிளகாய் வற்றலையும் போட்டு வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்ற பயம். இடியோசை கருவைக் கொல்வதில்லை. ஆனால் கோடை இடி வரும் நாள்கள்தாம் வெயிலும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கும் நாள்கள்; சூட்டில் கெட்ட முட்டையின் பழி இடிமேல் விழுந்திருக்கலாம். அதே கூடையில் போடும் வேப்பிலையும் நொச்சித் தழையும், அடைவைக்கும் முன் இறகுக்குள் தேய்க்கும் சாம்பலும் வேறு கணக்கு. மூன்று வாரம் அசையாமல் கிடக்கும் கோழிமேல் பேனும் செள்ளும் பெருகிவிடும். தாங்க முடியாமல் கோழி முட்டையைக் கைவிட்டு எழுந்துபோவதும் உண்டு.

எத்தனை முட்டை வைப்பது? சிறுவிடைக்குத் தன் முட்டையில் பத்துப் பன்னிரண்டு. பேன்டம் கோழிக்கு எட்டைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. ஆசைப்பட்டுக் கூட்டினால் ஓரத்து முட்டை வெளியே தெரியும். கோழி நாள் முழுக்க அலகால் முட்டைகளைப் புரட்டி, நடுவிலிருப்பதை ஓரத்துக்கும் ஓரத்திலிருப்பதை நடுவுக்கும் மாற்றிக்கொண்டே இருப்பதால், ஒன்றிரண்டு குளிர்வதோடு நிற்காமல் எல்லாம் மாறி மாறிக் குளிரும். அடைகாப்பு இயந்திரத்தில் 37.5 டிகிரி, ஐம்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் என்று மனிதர்கள் அளந்து வைப்பதையெல்லாம் இந்த ஒன்றேகால் கிலோ உயிர் தோலாலேயே அறிந்து செய்கிறது.

புதிதாக வளர்ப்பவர்களை அதிகம் கலங்க வைப்பது கோழியின் பட்டினி. நாளுக்கு ஒருமுறை, கால் மணியோ இருபது நிமிடமோ இறங்கி வரும். அவசரமாகக் கொத்தும், தண்ணீர் குடிக்கும், மண்ணில் புரளும், நாற்றமடிக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிவிடும். கொண்டையின் சிவப்பு மங்கும், உடம்பு இளைக்கும். காட்டுக்கோழிகளை வைத்து 1980-ல் வெளியான ஓர் ஆய்வு இங்கே ஆறுதல் தரும். தீனியைக் கூட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தும் அடைக்கோழிகள் குறைவாகத்தான் தின்றன. சில நாள் தீனியை நிறுத்தி, மறுபடி கொடுத்தபோதும் பழைய எடைவரை தின்னவில்லை. அடையின் அந்த நாளுக்கு எவ்வளவு இளைத்திருக்க வேண்டுமோ அந்த எடையோடு நிறுத்திக்கொண்டன. உடம்பு தன் இலக்கையே நாளுக்கு நாள் இறக்கிக்கொள்கிறது. வளர்ப்பவர் செய்யவேண்டியது கம்போ நொய்யோ கொஞ்சம், சுத்தமான தண்ணீர், புரள உலர்ந்த மண், இவற்றைக் கூடைக்குச் சற்றுத் தள்ளி வைப்பதுதான். இரண்டு நாளாக இறங்கவே இல்லை என்றால் மட்டும் இறக்கைக்கடியில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, மெல்லத் தூக்கித் தரையில் விட வேண்டும்.

ஏழாம் நாள் இரவு, இருட்டில், கைபேசி விளக்கின்மேல் முட்டையை வைத்துப் பார்த்தால் சிலந்தி கால் பரப்பியதுபோல் செந்நரம்புகள் தெரியும். ஒன்றுமே தெரியாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் அதில் கரு இல்லை. அடைக்கடியில் விட்டால் கூமுட்டையாகி, உடைந்தால் மற்ற முட்டைகளையும் நாசமாக்கும். எடுத்துவிட வேண்டும்.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு தொடக்கூடாது. அடுத்த இரண்டு நாளுக்குள் குஞ்சு முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையைக் குத்தித் திறந்து முதல் மூச்சை இழுக்கிறது. ஓடு உடையும் முன்பே கத்தத் தொடங்குகிறது. காதை முட்டையில் வைத்தால் கேட்கலாம். தாய் மெல்லிய குரலில் பதில் சொல்கிறது. 1960-களில் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் காடை முட்டைகளை ஆராய்ந்தபோது, ஓட்டுக்குள்ளிருக்கும் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று எழுப்பும் 'டிக் டிக்' ஒலியே பிந்திய குஞ்சை விரைவுபடுத்துகிறது என்று கண்டார். எல்லாரும் சேர்ந்து வெளியே வர வேண்டும் என்று முட்டைக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள்!

ஓட்டில் முதல் ஓட்டை விழுந்த பின் குஞ்சு வெளிவர 12 மணி நேரம், சில சமயம் ஒரு முழுநாள்கூட ஆகும். பாவமே என்று ஓட்டைப் பிய்த்து உதவுகிறவர்கள் பல குஞ்சுகளைக் கொன்றிருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் ஓட்டின் உட்சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் வற்றுகிறது, மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அந்த மஞ்சள் கரு கட்டுச்சோறு மாதிரி. அதை வைத்துக்கொண்டு குஞ்சு இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும். முதலில் பொரித்தவை பசியில் வாடுமே என்று தாயிடமிருந்து பிரிக்கத் தேவையில்லை. கோழிக் குஞ்சு வெளிவருவது 21-ம் நாள் என்பது கணக்கு. சின்ன இனங்கள் ஓரிரு நாள் முந்தும்.

இனி தாயின் பள்ளிக்கூடம். தாய் தரையைக் கீறி, ஓர் இரையை எடுத்து, போட்டு, மறுபடி எடுத்து, வேகமாகக் 'கொக் கொக் கொக்' என்று கூப்பிடும். 1996-ல் கிறிஸ்டின் நிக்கோலும் ஸ்டூவர்ட் போப்பும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு நிறத் தீனி நல்லது, இன்னொன்று கசக்கும் என்று தாய்க்கோழிகளுக்குப் பழக்கினார்கள். பிறகு குஞ்சுகள் தாயின் கண்முன் 'கசக்கும்' நிறத்தைக் கொத்தியபோது, தாய்கள் கூப்பிடுவதையும் கீறிக் கொத்திக் காட்டுவதையும் அதிகமாக்கின. குஞ்சு தப்புச் செய்கிறது என்று தாய்க்குத் தெரிகிறது. தாய்க்குப் பதிலாகக் குஞ்சுக்குச் சூடு தர வைக்கும் மின்விளக்கால் இதைச் செய்ய முடியாது.

இன்னொன்றையும் விளக்கால் தர முடியாது. பின்லாந்தின் நூர்மி, ரன்டாலா இருவரும் 1973-ல் காட்டினார்கள்: வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாக்களைப் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தால், சால்மொனெல்லா கிருமி அவற்றின் குடலில் குடியேறுவது வெகுவாகக் குறைகிறது. நல்ல கிருமிகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தாயோடு குப்பையைக் கிளறும் குஞ்சுக்கு இது முதல் நாளிலிருந்தே கிடைக்கிறது.

தெருவில் கூடையில் விற்கும் ரோஸ், பச்சைச் சாயம் பூசிய குஞ்சுகளை நினைத்தால் மனம் வலிக்கிறது. பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் வேண்டாமென ஒதுக்கிய ஆண் குஞ்சுகள் அவை. பிள்ளைகள் வாங்கி வந்து அட்டைப் பெட்டியில் வைக்கிறார்கள். இரண்டே இரவில் குளிரில் சுருண்டுவிடுகின்றன. முதல் இரண்டு மூன்று வாரம் குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாய் இல்லையென்றால் முதல் வாரம் பெட்டிக்குள் 35 டிகிரி இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். அளவுமானி இல்லாவிட்டால் குஞ்சுகளே சொல்லும்: விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், மூலைக்கு ஓடி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, பரவிப் படுத்துத் தூங்கினால் சரி. பேன்டம் குஞ்சு கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடாவிட்டால் ஒரு விரல் ஆழத்திலேயே மூழ்கிச் சாகும். வீட்டில் அடைக்கோழி இருந்தால், ஒன்றிரண்டு நாளே ஆன அநாதைக் குஞ்சை இரவில் அதன் இறக்கைக்கடியில் நுழைத்துவிடலாம். விடிந்ததும் பெரும்பாலும் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொள்ளும். கொத்துகிறதா என்று காலையில் கூட இருந்து பார்க்க வேண்டும்.

ஆனால் தாயால் முடியாத ஒன்று உண்டு. பேன்டம் பெயர் பெற்ற அதே ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் 1926-ல் ஒரு கொள்ளைநோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு அது இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கேத்தில் தெரிந்தது. இங்கே வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். வந்தால் பஞ்சாரமே காலியாகும். மருந்து இல்லை, தடுப்பு மட்டும் உண்டு. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் தருவார்கள். சிறுவிடைக்கு நோயே வராது என்ற பேச்சை நம்பி இதை விட்டுவிடக்கூடாது.

முதல் மாதம் பகலில் பஞ்சாரத்துக்குள், மாலையில் ஒரு மணி நேரம் வெளியே. நிழல் ஒன்று மேலே கடந்தால் தாய் ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் கிடந்த இடத்தில் உறைந்துவிடும். கீரியோ பூனையோ வந்தால் குரல் வேறு.

ஆறாவது, ஏழாவது வாரத்தில் ஒரு நாள் தாயின் கொண்டை மறுபடி சிவக்கும். அருகில் வரும் குஞ்சைத் தலையில் கொத்தி விரட்டும். அன்று மாலை அது முருங்கைக் கிளைக்கு ஏறிவிடும். கீழே குஞ்சுகள் கத்திக்கொண்டு வட்டமிடும். பிறகு ஒன்று தாவும், விழும், திரும்பத் தாவும். இருட்டுவதற்குள் இரண்டு மூன்று கிளைக்குப் போயிருக்கும். மீதியை வீட்டுக்காரர் பொறுக்கிப் பஞ்சாரத்துக்குள் விடுவார். மறுநாள் காலை, வைக்கோல்போர் ஓரமாகத் தாய் ஏதோ ஓர் இடத்தைத் தேடிக் கேறிக்கொண்டே நடக்கும்.