தண்ணீரை எறிந்து ஓடும் படகு

மன்னார்க் கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு ரோந்துப் படகுகள் புதிதல்ல. அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் வெள்ளைத் தாரை சீறிக்கொண்டு வரும். விசிறியைத் தேடினால் கிடைக்காது. படகின் அடியில் உள்ள வாய் வழியாகக் கடல்நீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் பம்பியால் வேகமேற்றி, பின்புறக் குழாயால் வெளியே விடுகிற ஏற்பாடு அது. இலங்கைக் கடற்படையின் ஷல்டாக் படகுகள் இந்த வகை. 2009 பெப்ரவரியில் சென்னையில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் கார் நிகோபாரும் இதே வகைதான். 30 நொட்டுக்கு மேல் ஓடக்கூடிய கப்பல் அது.

மன்னார் உப்புக்குளத்தில் ஒரு பிளேன்ரீயோடு உட்கார்ந்து, இது எப்படி ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "பின்னால போற தண்ணி கடலில போய் முட்டுது, அந்த முட்டுத்தான் தள்ளுது" என்பார்கள். உப்புக்குளம் என்றில்லை, பொறியியல் படித்த பலரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கேட்கச் சரிபோலத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு முழுவதையும் குழப்பிவிடுவதும் இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

அலையில்லாத நேரம், வள்ளம் சும்மா மிதக்கிறது என்று வைப்போம். அதில் ஒரு மணல் மூட்டை. நாம் அதைத் தூக்கிப் பின்பக்கமாக எறிகிறோம். வள்ளம் எப்போது முன்னே நகரும்? மூட்டை தண்ணீரில் விழுந்த பிறகா? இல்லை. மூட்டை கையை விட்டுப் போகும்போதே வள்ளம் நகர்ந்துவிடும். எறிந்த மூட்டை பிறகு கடலில் விழுந்தாலென்ன, கரையில் விழுந்தாலென்ன, வள்ளத்துக்கு ஒன்றுமில்லை. தள்ளு பிறப்பது எறிகிற செயலில்.

தாரைப் படகு செக்கனுக்குச் செக்கன் தண்ணீர் மூட்டையை எறிந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளை வாங்குவது பம்பியும் குழாயும், அவை வழியாகப் படகின் உடலும். பின்னால் உள்ள கடலுக்கு இதில் பங்கில்லை. நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஆட்டுப் பண்ணைக்காரர் 1950களில், ஆழமில்லாத ஆறுகளில் ஓடுவதற்காகத் தாரைப் படகு செய்தார். முதலில் தாரையைத் தண்ணீருக்கு அடியில் விட்டார். படகு மணிக்கு 11 கிலோமீற்றர்தான் போனது. தாரையின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உயர்த்தினார், வேகம் 27 கிலோமீற்றர் ஆனது. முட்டுவதுதான் தள்ளுகிறது என்றால், காற்றில் விட்ட தாரை தோற்றிருக்க வேண்டும் அல்லவா?

இனிக் கணக்கு. செக்கனுக்கு 200 லீற்றர் கடல்நீரை எறிகிறோம். நிறை ஏறத்தாழ 205 கிலோ. தாரையின் வேகம் செக்கனுக்கு 20 மீற்றர். படகு நின்ற இடத்தில் நிற்கும்போது இரண்டையும் பெருக்கினால் போதும்: 4100 நியூற்றன். 420 கிலோ சாமானைத் தூக்கிப் பிடிக்கிற விசை அது.

படகு ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. இப்போது மூட்டை நம் வள்ளத்தில் இல்லை, தண்ணீரில் நிற்கிற ஒருவர் எடுத்து நீட்டுகிறார். ஓடுகிற வள்ளத்திலிருந்து அதைப் பற்றியதும் நம் கையைப் பின்னே இழுக்கும். எறியும்போது கிடைத்த தள்ளில் இந்த இழுப்பைக் கழித்தாக வேண்டும். ஆகவே படகின் வேகத்தைத் தாரை வேகத்திலிருந்து கழித்துவிட்டுப் பெருக்குகிறோம். 20 நொட்டில், அதாவது செக்கனுக்கு சுமார் 10 மீற்றரில் ஓடினால், 205 தர 10. விசை 2050 நியூற்றன், சரிபாதி. இந்தக் கழித்தலை மறப்பவர்களின் படகு காகிதத்தில் மட்டும் பறக்கும்.

மெய்யான கப்பலில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. படகின் அடியை ஒட்டிய நீர் படகோடு கொஞ்சம் இழுபட்டே வருகிறது, அதனால் உள்ளே வரும் நீரின் வேகம் படகின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவு. அதோடு, தள்ளு பம்பியின் தண்டில் மட்டும் விழுவதில்லை, குழாய்ச் சுவரிலும் படகின் அடியிலும் பகிர்ந்து விழுகிறது. தண்டில் கருவி பூட்டி அளந்தால் முழுக் கணக்கும் வராது. அதனால்தான் மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்துச் சோதிப்பவர்களும் நீர் கொண்டுவந்த உந்தத்தையும், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கி வருவதையும், கொண்டுபோன உந்தத்தையும் அளந்து வித்தியாசம் எடுக்கிறார்கள்.

அடுத்தது செலவு. மேலே சொன்ன 2050 நியூற்றனுக்காக நீருக்கு நாம் கொடுக்கும் வலு ஏறத்தாழ 41 எச்பி. பம்பியின் இழப்பு வேறு. இப்போது நீரை இரட்டிப்பாக்கி 400 லீற்றர் எடுத்து, தாரையை 15 மீற்றராகக் குறைப்போம். 410 தர 5, அதே 2050. வலுவோ 34 எச்பிதான்! நிறைய நீரை மெதுவாக எறிவது மலிவு, கொஞ்ச நீரைக் கடுமையாக எறிவது வீண்செலவு. வெளியிணைப்பு இஞ்சினின் விசிறி திறந்த கடலில் சுற்றி நிறைய நீரை அள்ளுகிறது. தாரையோ ஒரு குழாய்க்குள் அடங்குவதை மட்டும்தான் அள்ள முடியும்.

அப்படியானால் நம் வள்ளங்களுக்குத் தாரை பூட்டலாமா? மணல் திட்டும் கடற்புல்லும் நிறைந்த இந்தக் கடலில் விசிறி அடிபடாதே என்று ஆசை வருவது நியாயம். ஆனால் உறிஞ்சும் வாயில் புல்லும் அறுந்த வலைத் துண்டும் அடைக்கும், மணல் பம்பியைத் தேய்க்கும். அதைவிடப் பெரிய காரணம் கணக்கிலேயே இருக்கிறது. வலையோடு 3 நொட்டில் ஊர்கிறபோது, செக்கனுக்கு 20 மீற்றரில் எறிகிற தாரையில், நீருக்குக் கொடுத்த வலுவில் படகுக்குச் சேர்வது 14 சதவீதம்தான். 20 நொட்டில் அதே தாரை 67 சதவீதம் தரும். விரட்டிப் பிடிக்கிற படகுக்குத் தாரை சரி. மீன் பிடிக்கிற வள்ளத்துக்கு விசிறியை விட்டுவிடாதீர்கள்.