மூன்று குழந்தைகள்... ஒரே ஒரு சிலிண்டர்!

ராத்திரி இரண்டு மணி. பப்புவா நியூ கினி நாட்டில், மலைமேல் ஒரு ஆஸ்பத்திரி. நீங்கள்தான் டியூட்டி டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டில் மூன்று குழந்தைகளுக்குக் கடுமையான நிமோனியா. மூன்றுமே நெஞ்சு குழிவிழ இழுத்து இழுத்து மூச்சு விடுகின்றன. மூலையில் நிற்பதோ ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். அதுவும் முக்கால்வாசி காலி!

யாருக்கு வைப்பீர்கள்?

எந்த மருத்துவக் கல்லூரியிலும் இதற்குப் பதில் சொல்லிக் கொடுப்பதில்லை. வசதியில்லாத நாடுகளில் வேலை பார்க்கும் டாக்டர்களை நோகடிப்பது, நோய் பிடிபடாதது அல்ல. என்ன நோய், என்ன வைத்தியம் எல்லாமே தெரியும். கொடுக்கத்தான் கையில் இருக்காது!

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கிறது இந்தத் தீவு நாடு. 1975-ல் சுதந்திரம் பெற்றது. 800-க்கும் மேற்பட்ட மொழிகள்! அம்மாக்காரி சொல்வது சில சமயம் நர்ஸுக்கே புரியாது. (அது தனிக்கதை, விடுங்கள்.) கடற்கரையில் உள்ள லே நகரிலிருந்து மலைநாட்டுக்கு ஒரு நெடுஞ்சாலை ஏறுகிறது. மழையில் மண் சரிந்தால் அதுவும் அடைபட்டுவிடும். அப்புறம் சிலிண்டர் எப்படி வரும்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். ஒரு குழந்தைக்கு நிமிஷத்துக்கு 1 லிட்டர் என்றால் ஐந்து நாள்கூட வராது. நாலு குழந்தைகளுக்கு என்றால் ஒன்றேகால் நாளிலேயே தீர்ந்துவிடும். நிமோனியா அதற்குள் குணமாகுமா என்ன?

போதாததற்கு உயரம் வேறு. கொரோக்கா என்ற மலை ஊர் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம ஏற்காட்டைவிடக் கொஞ்சம் அதிகம். அங்கே காற்றே லேசு. நுரையீரலில் சளி கட்டிய குழந்தைக்கு அதுவும் பத்தாது.

சரி, எந்தக் குழந்தைக்கு அதிக ஆபத்து என்று பார்த்தால் தெரியாதா? அங்கேதான் சிக்கல். உதடும் நாக்கும் நீலம் பாரிக்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் ரத்தசோகை உள்ள குழந்தைக்கு ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகும் நீலம் தெரியாமல் போகலாம். எத்தனை அனுபவசாலி டாக்டராக இருந்தாலும் கண் ஏமாற்றிவிடும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்தான் உண்மையைச் சொல்லும். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது நாம் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அதேதான். 90-க்குக் கீழே போனால் ஆக்சிஜன் கட்டாயம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ட்ரெவர் டியூக் என்ற குழந்தை மருத்துவரும் அவரது குழுவினரும் அந்த நாட்டின் 5 ஆஸ்பத்திரிகளில் ஒரு காரியம் செய்தார்கள். ஆக்சிமீட்டர்களோடு, 'கான்சென்ட்ரேட்டர்' மெஷின்களையும் கொடுத்தார்கள். வார்டில் இருக்கிற காற்றையே இழுத்து, அதிலுள்ள நைட்ரஜனைப் பிரித்து ஒதுக்கிவிட்டு, ஆக்சிஜனை மட்டும் தரும் மெஷின் இது. மிக்ஸி இழுக்கிற கரண்ட்கூட ஆகாது. குழாயைப் பிரித்து மாட்டினால், ஒரே மெஷினில் நாலு குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்.

பலன்? 2008-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நிமோனியாவோடு வந்த குழந்தைகளில் முன்பு நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேர் இறந்தார்கள். பிறகு அது 3 சொச்சமாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லாமலே!

'அப்படியானால் மெஷினை வாங்கி அனுப்பிவிட்டால் போதுமே' என்கிறீர்களா? அதுதான் இல்லை. தர்மமாக வரும் மெஷின்கள் பலவற்றுக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்காது. 110 வோல்ட் மெஷினை 240 வோல்ட் ஊரில் மாட்டினால் புகைதான் வரும். ஏழை நாடுகளின் மருத்துவக் கருவிகளில் நூற்றுக்கு 40 வரை ஓடாமல் கிடப்பதாக 2011-ல் ஓர் ஆய்வு சொன்னது. கான்சென்ட்ரேட்டரின் பின்பக்க ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும், அவ்வளவுதான். 'இது யார் வேலை?' என்று தீர்மானிக்காத ஆஸ்பத்திரியில் தூசி அடைத்து, மெஷின் மூச்சு முட்டி நின்றுவிடும். டியூக்கின் குழு நர்ஸுகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பயிற்சி கொடுத்ததை, மெஷின் கொடுத்ததைவிடப் பெரிய காரியமாக நான் நினைக்கிறேன்.

மறுபடியும் அந்த வார்டுக்குப் போவோம். இப்போது மூலையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று குழந்தைகளின் மூக்கிலும் மெல்லிய குழாய். ஆக்சிமீட்டரில் 84, 88, 92 என்று எண்கள் ஏறுகின்றன. நீங்கள் அப்பாடா என்று நாற்காலியில் சாய்கிறீர்கள்.

பட்டென்று கரண்ட் போகிறது.

ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா? யாரிடம் சாவி? காலி ஆகாமல் மிச்சம் வைத்த அந்தக் கால்வாசி சிலிண்டரை நோக்கி நர்ஸம்மா ஓடுகிறார்... பின்னாலேயே நீங்களும்!