உங்களுக்குத் தெரியுமா?

ஆடி மாதம் செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் பண்டிகையில் ஒலிபெருக்கி வழியே கேட்கும் பக்திப் பாட்டு, ப்ளூஸ் கிதாரோடும் சேரும். சேர்த்துக் காட்டியவர் பாடகி சுசீலா ராமன். 1973-இல் லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். பெற்றோர் தஞ்சாவூர்த் தமிழர்கள். வீட்டில் கர்நாடக சங்கீதம், வெளியே ப்ளூஸ், ஜாஸ்.

ப்ளூஸில் கிதார் கம்பியை விரலால் தள்ளிச் சுரத்தை வளைப்பார்கள். வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதே வித்தைதான். இந்த உறவை அவர் நன்றாகப் புரிந்துகொண்டவர்.

2001-இல் வந்த முதல் ஆல்பம் ‘சால்ட் ரெயின்’. தயாரித்தவர் கிதார் கலைஞர் சாம் மில்ஸ், பின்னாளில் அவருடைய கணவர். தியாகராஜர், தீட்சிதர் கீர்த்தனைகள் அடங்கிய அந்த ஆல்பம், பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான 12 ஆல்பங்களின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. 2011-இல் முருகன் பாடல்களோடு ‘வேல்’ வந்தது. அவசியம் கேட்டுப் பாருங்கள்.