ஒன்றரை மாத ஊசியன்று தாய்க்கும் ஒரு சோதனை

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த பெண்களிடம், பிரசவத்துக்குப் பிறகு அது என்ன ஆயிற்று என்று கேட்டால் "டெலிவரியோட போயிடுச்சு" என்பார்கள். போய்விட்டதா என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. பார்க்கச் சொல்ல வேண்டியவர்களும் குழந்தைக்கு ஊசியைப் போட்டு, அட்டையில் தேதி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். தாய் சேய் நல அட்டையைக் கேட்டால் அது மாமியார் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் மகப்பேறு உதவிப் பணம் வந்த மறுமாதமே பழைய பேப்பரோடு போயிருக்கும்.

அந்த அட்டையில் எழுதும் எண்களின் வேலை பிரசவத்தோடு முடிவதில்லை. கருவில் கிடைத்த ஊட்டம், தாயின் ரத்தச் சர்க்கரை, பிறந்த எடை, முதல் இரண்டு வயது வளர்ச்சி இவையெல்லாம் நாற்பது வயதில் வரும் சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் வழி திறந்து வைக்கின்றன. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் செவிலியர்கள் குழந்தைகளின் எடையை எழுதி வைத்த பேரேடுகளிலிருந்து குழந்தைப்பருவ எடைக்கும் பிற்கால இதய நோய்க்கும் உள்ள தொடர்பை டேவிட் பார்க்கர் குழு 1989இல் காட்டியது. மைசூரில் ஒரு மிஷன் மருத்துவமனையின் பழைய பிரசவப் பதிவுகளை வைத்தும், எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் அதிகம் என்று கண்டார்கள். கட்டாயம் வரும் என்றில்லை, வாய்ப்பு கூடுகிறது. ஆனால் எழுதி வைத்த எடை இல்லாமல் அந்த வாய்ப்பை யார் கணக்கிடுவது?

முதல் வேலை பதிவு. கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள், உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் ஆதார், வங்கிப் புத்தகம், கைபேசி எண்ணோடு போய், கர்ப்பப் பதிவுக்கான ஆர்.சி.எச். எண் வாங்குங்கள். 102க்கு அழைத்தும் பதியலாம். தனியாரில் பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும்போது அங்கே புதிதாகப் பதியாதீர்கள், அதே எண்ணை அந்த ஊர் நர்ஸம்மாவிடம் காட்டுங்கள். நான் பார்த்த குளறுபடிகளில் பாதி இந்த இடமாற்றத்தில் நடந்தவை.

அடுத்தது சர்க்கரைச் சோதனை. முதல் வருகையிலும், மறுபடி 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் செய்ய வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள், எண்ணை அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

எண் 140ஐத் தொட்டவர்கள் பிரசவமாகி ஆறு வாரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். ஒன்றரை மாத ஊசியும் அதே சமயத்தில்தான் வருகிறது. ஊருக்குள் நடக்கும் முகாமில் போடாமல், லேப் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையிலேயே போங்கள். இந்த முறை வெறும் வயிற்றில் போக வேண்டும். வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 என்று எது தொட்டாலும் அது சர்க்கரை நோய். இரண்டு மணி எண் 140க்கும் 199க்கும் இடையே நின்றால் நோயின் வாசலில் நிற்கிறீர்கள். எதுவும் இல்லையென்றாலும் ஆண்டுக்கொரு முறை பாருங்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன் கட்டாயம் பாருங்கள்.

குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் டப்பா பாலுக்கு ஓடாதீர்கள். ஆறு மாதம் தாய்ப்பால், பிறகு வீட்டுச் சாப்பாடு, அங்கன்வாடியில் மாதாமாதம் எடை. அதற்காகக் கொழுகொழுவென்று ஆக்கிக் காட்டவும் வேண்டாம். டெல்லியில் பிறப்பிலிருந்தே கண்காணிக்கப்பட்டவர்களைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதில் மெலிந்திருந்து, அதற்குப் பிறகு பன்னிரண்டு வயதுவரை சதை ஏறிக்கொண்டே போனவர்களிடம்தான் சர்க்கரை அதிகம் இருந்தது. இதைப் பாட்டிமாரிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

அட்டையைத் தொலைத்தவர்கள் பிரசவம் பார்த்த மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து டிஸ்சார்ஜ் சம்மரியும் பிரசவக் குறிப்பும் கேட்கலாம். இந்திய மருத்துவ மன்றத்தின் 2002 விதிகளின்படி, உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வராதீர்கள், அதுவே உங்கள் சாட்சி. தனியார் மருத்துவர் இழுத்தடித்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அந்த நகலோடு புகார் எழுதுங்கள். அரசு நிலையத்தில் சோதனையே செய்யாமல் திருப்பி அனுப்பினால் 104, அங்கும் பதில் இல்லையென்றால் முதல்வரின் முகவரி எண் 1100. மூன்று ஆண்டு தாண்டிவிட்டால் ஆவணத்தை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அந்த விதிப்படி மருத்துவமனைக்கு இல்லை. ஆகவே கடிதத்தை இந்த வாரமே கொடுங்கள்.