குடுவைச் செடியை யாரேனும் வடிவமைத்தார்களா?

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் கொடிமலை அன்றாடம் கண்ணில் படுவதுதான். அடுத்த முறை ரயிலேறி மேலே போனால் குடுவைச் செடியைத் தேடிப் பாருங்கள். மலாய்க்காரர்கள் இதை ‘பெரியோக் கெரா’, அதாவது குரங்குப் பானை என்பார்கள். இலை நுனியில் குடுவை, வழுக்கும் விளிம்பு, மேலே மூடி, உள்ளே பூச்சியைச் செரிக்கும் நீர். பார்த்ததும், “யாரோ திட்டமிட்டுச் செய்தது போல இருக்கிறதே” என்று தோன்றும். அந்த எண்ணத்தை அறிவியலால் சோதிக்க முடியுமா?

கெடா, பூஜாங் பள்ளத்தாக்கில் மண்ணுக்கடியில் பழைய செங்கல் கிடைத்தால், மனிதன் செய்தது என்று உடனே சொல்லிவிடுகிறோம். செங்கல் அறுப்பவரையும் சூளையையும் நமக்குத் தெரியும். செங்கல் குட்டி போடுவதுமில்லை. உயிர்களோ பெருகுகின்றன, தலைமுறைக்குத் தலைமுறை சிறிது மாறுகின்றன. எனவே உயிர்களுக்கு வேறு சோதனை தேவை.

அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பெஹே 1996இல் ஒன்றை முன்வைத்தார். எலிப்பொறியில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் எலி சிக்காது. அதுபோல, ஒரு பாகம் குறைந்தாலும் இயங்காத உயிரமைப்பு படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்றார்.

இதைக் குடுவைச் செடியில் பொருத்திப் பார்ப்போம். நம் நாட்டுக் காடுகளில் வளரும் நெப்பந்தஸ் அம்புல்லாரியாவின் மூடி சிறுத்து, பின்னால் மடிந்திருக்கும். பூச்சியை வழுக்கிவிடும் மெழுகுப் பகுதியும் உட்சுவரில் இல்லை. ஆனாலும் குடுவை வீணாகவில்லை. மேலிருந்து விழும் சருகுகளிலிருந்து சத்தைப் பெறுகிறது.

செரிமான நொதி எங்கிருந்து வந்தது? பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டினைச் சிதைக்கும் கைட்டினேஸ், சாதாரணச் செடிகளிலும் உண்டு. பூஞ்சையின் செல்சுவரிலும் கைட்டின் இருப்பதால், நோயை எதிர்க்க அது உதவுகிறது. ஆசியா, ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் தனித்தனியாகத் தோன்றிய மூன்று குடுவைச் செடி வகைகளும் இத்தகைய தற்காப்பு நொதிகளையே செரிமானத்துக்குத் திருப்பிவிட்டிருப்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. பாகம் பழையது, வேலை புதியது. பெஹேயின் சோதனை இந்த வழியைக் கணக்கில் எடுக்கவில்லை.

2005இல் அமெரிக்காவின் டோவர் பள்ளி வழக்கில், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ அறிவியல் ஆகாது என்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். தீர்ப்பு எப்படியானாலும், அறிவியல் கேட்பது ஒன்றுதான்: எது கிடைத்தால் உங்கள் கருத்து தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? எதைக் காட்டினாலும் “அப்படித்தான் வடிவமைத்தார்” என்று சொல்ல முடிந்தால், அங்கே சோதிக்க ஒன்றுமில்லை.

இதனால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது. அந்தக் கேள்விக்கு நுண்ணோக்கி பதில் சொல்லாது. சாமி கும்பிடும் பிள்ளையும் பயமில்லாமல் பரிணாமம் படிக்கலாம்.