மிதக்காத எண்ணெய்

2010 ஜூலை 25, ஞாயிறு மாலை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற சிற்றூரை ஒட்டிய சதுப்பு நிலத்தில், பூமிக்கடியில் ஓடிய எண்ணெய்க் குழாய் இரண்டு மீட்டர் நீளத்துக்கு வாய் பிளந்தது. குழாய் கனடாவின் என்பிரிட்ஜ் நிறுவனத்துடையது. அதை இயக்கியவர்கள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், எட்மண்டன் நகரக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார்கள்.

அங்கே எச்சரிக்கை ஒலித்தது. குழாய்க்குள் எங்கோ ஆவி தேங்கி அழுத்தம் குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை பம்புகளை இரண்டு முறை மீண்டும் ஓடவும் விட்டார்கள். கொட்டியதில் ஐந்தில் நான்கு பங்கு அந்த இரண்டு முறையில்தான் கொட்டியது. காரணம் தெரியாமல் பத்து நிமிடத்துக்கு மேல் குழாயை ஓட்டக்கூடாது என்பது அந்த நிறுவனமே போட்டுக்கொண்ட விதி! கடைசியில் உள்ளூர் எரிவாயு நிறுவன ஊழியர் ஒருவர் போன் போட்டுச் சொன்ன பிறகுதான் விஷயம் அவர்களுக்கு உறைத்தது. அதற்குள் பதினேழு மணி நேரம் ஓடிவிட்டது. டால்மட்ஜ் ஓடை வழியாகக் கலமசூ ஆற்றில் இறங்கியது சுமார் 32 லட்சம் லிட்டர்.

சாதாரணக் கச்சா எண்ணெய் என்றால் நீர்ப்பரப்பில் மிதக்கும். தடுப்பு மிதவை போட்டு வளைத்து அள்ளலாம். இதுவோ கனடாவின் ஆல்பர்ட்டா மாநில எண்ணெய் மணலிலிருந்து பிரித்தெடுத்த பிட்டுமன். ஆறிய வெல்லப்பாகுபோல் கெட்டியானது, தானாகக் குழாயில் ஓடாது. அதனால் லேசான எண்ணெய் வகையைக் கலந்து இளக்கி அனுப்புகிறார்கள். குழாய் உடைந்ததும் அந்த லேசான பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்தது. அதில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் உண்டு. தலைவலி, குமட்டல் என்று முந்நூறு பேருக்கு மேல் சொன்னார்கள். மிஞ்சிய பிட்டுமன் வண்டலோடு ஒட்டிக்கொண்டு ஆற்றின் அடியில் போய்ப் படிந்தது.

அடியில் கிடப்பதை அள்ள ஆற்றையே தோண்ட வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் ஆறு இரண்டு வருடம் வரை மூடிக் கிடந்தது. கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்தும், 2013இல், இன்னும் தூர்வாருங்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உத்தரவு போட்டது. செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது. குழாய் 1969இல் போட்டது. பிளந்த பகுதியில் குறை இருப்பது 2005 பரிசோதனையிலேயே பதிவாகியிருந்தது.

பழைய குழாய், அதனால் உடைந்தது என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. 2015இல் ஆல்பர்ட்டாவின் லாங் லேக்கில் நெக்சன் நிறுவனத்தின் குழாய் உடைந்து, பிட்டுமனும் மணலும் நீரும் கலந்த குழம்பு 50 லட்சம் லிட்டர் வெளியேறியது. அது போட்டுக் கிட்டத்தட்ட ஒரு வருடமே ஆன குழாய். கசிவைக் காட்டவேண்டிய தானியங்கி அமைப்பு எதையும் காட்டவில்லை. அந்தப் பக்கம் வந்த ஒருவர் கண்ணில் பட்டதால்தான் தெரிந்தது.

குழாய் தொடங்கும் இடத்திலும் இதே கதைதான். மணலிலிருந்து பிட்டுமனைப் பிரித்த கழிவுநீர் பிரம்மாண்டமான குட்டைகளில் தேங்கி நிற்கிறது. 2008இல் சின்க்ரூட் நிறுவனத்தின் குட்டை ஒன்றில் இறங்கிய சுமார் 1,600 வாத்துகள் செத்தன. இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் கெர்ல் சுரங்கத்தில் 2022 மே மாதமே கசிவு தெரிந்தது. அதபாஸ்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழும் அதபாஸ்கா சிப்பேவையன் பூர்வகுடியினருக்கு முழு விவரம் போய்ச் சேர்ந்தது 2023 பிப்ரவரியில், அங்கேயே 53 லட்சம் லிட்டர் கழிவுநீர் தனியாகக் கொட்டிய பிறகு.

விரிவாக்கப்பட்ட டிரான்ஸ் மவுண்டன் குழாய் 2024 மே மாதத்திலிருந்து ஆல்பர்ட்டாவின் எண்ணெயை நாளொன்றுக்கு 8,90,000 பீப்பாய் வரை பசிபிக் கரைக்குக் கொண்டுபோக முடியும். அங்கிருந்து கப்பல்கள் போகும் கடலில்தான் அழிவின் விளிம்பிலுள்ள ஓர்க்கா திமிங்கிலக் கூட்டம் ஒன்று வாழ்கிறது. இந்தக் குழாயை 2018இல் விலைக்கு வாங்கியது கனடா அரசு. குழாய்களுக்குச் சட்டம் போடுவதும் அதே அரசுதான்.